ஊர்ப் பொது விருந்து: ஆயிரம் இலைக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்த் திருவிழா, பொங்கல், அறுவடை முடிந்த மகிழ்ச்சி என்று ஏதோ ஒன்றை ஒட்டி, மைதானத்திலோ தோப்பிலோ வாழையிலை போட்டு ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சொந்த மண்ணின் சமையலை உண்ணும் சைவ விருந்துக்கான பக்கம் இது. கணக்குகள் எல்லாம் 1,000 இலைக்கு, மதியச் சாப்பாட்டுக்கு. இப்படிப்பட்ட விருந்தை அளக்க எங்களிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. முதல் பந்தியில் இருந்த சூடும் ருசியும் கவனிப்பும் கடைசிப் பந்தியிலும் இருந்தனவா என்பதே அது. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் அதைச் சுற்றியே வரும்.

எந்த மாதத்தில் வைக்கலாம்?

தை, மாசி, பங்குனியின் முதல் பாதி. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம், திறந்தவெளிக்கு ஒத்துவராது. ஆடியில் மழையை விடக் காற்றுதான் தொல்லை. அடுப்புத் தீ ஒரு பக்கமாகச் சாயும், சாம்பல் பறந்து குழம்பில் விழும், இலை புரண்டு போகும். ஆடியில்தான் விழா என்றால் காற்று வரும் திசையில் அடுப்புக்கு ஆளுயரத் தகரத் தடுப்பு வையுங்கள். பந்தியைச் சுவரோ மரவரிசையோ மறைக்கும் பக்கத்தில் போடுங்கள்.

எவ்வளவு இடம் தேவை?

ஒரு பந்திக்கு 250 பேர், மொத்தம் நான்கு பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இலைக்கு இரண்டேகால் அடி அகலம் வேண்டும். வரிசைக்கு 25 இலை போட்டால் 56 அடி. இரண்டு வரிசை முகம் பார்த்து உட்கார, நடுவில் பரிமாறுபவர் நடக்க 5 அடி விடுங்கள். உட்காரவும் இலைக்குமாக வரிசைக்கு 4 அடி, முதுகுப்புறம் 2 அடி என்று சேர்த்தால் ஒரு சோடி வரிசைக்கு 15 அடி ஆகும். ஐந்து சோடிக்கு 75 அடி. ஆக 60க்கு 75 அடி, ஏறக்குறைய பத்து சென்ட். சமையலுக்கு ஆறு சென்ட் தனியாக வேண்டும். காத்திருப்பவர்களுக்குப் பந்திப் பரப்பளவுக்குக் குறையாத நிழல் வேண்டும். பலர் மறந்துவிடுவது இந்தக் கடைசி இடத்தைத்தான். நிழல் இல்லாவிட்டால் காத்திருப்பவர்கள் சாப்பிடுபவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். உட்கார்ந்தவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

நடைவழியை 5 அடிக்குக் கீழே குறைக்காதீர்கள். சாம்பார் வாளியோடு எதிரெதிராக இருவர் வந்தால் ஒதுங்க இடமில்லாமல் கொதிக்கும் குழம்பு இலையில் இருப்பவர் மடியில் கொட்டும்.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

ஆம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் அன்னதானத்துக்கும் பொருந்தும். ஏற்பாட்டாளர் பெயரில் பதிவு செய்யுங்கள், சமையல்காரர் குழுவிடம் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இடத்துக்கு ஊராட்சியிலும், கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. விளக்குக்கும் கிரைண்டருக்கும் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். கம்பியில் கொக்கி போடுவது குற்றம் மட்டுமல்ல, ஈரத்தரையில் வெறுங்காலோடு வேலை செய்யும் சமையல்காரரின் உயிருக்கே ஆபத்து.

அரிசி, பருப்பு, காய் எவ்வளவு?

குழந்தைகளும் முதியவர்களும் கலந்த கூட்டம் என்றால் ஒரு கிலோ அரிசி ஒன்பது பேருக்கு வரும். வயலில் வேலை செய்யும் ஊர், அதுவும் மதியப் பந்தி என்றால் எட்டுப் பேர் என்றே கணக்கிடுங்கள். 1,000 பேருக்கு 125 கிலோ. 2022இல் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்தபின் பல ஆலைகள் 26 கிலோ சிப்பமாகக் கட்டுகின்றன. அதனால் ஐந்து சிப்பம் சரியாக இருக்கும். ஆறாவது சிப்பம் ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருங்கள். எதற்கு என்று பின்னால் வரும்.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு 22 கிலோ, நெய்ப்பருப்புக்கு 10 கிலோ. சாம்பார்க் காய் 50 கிலோ, பொரியலுக்கு 75 கிலோ, கூட்டுக்கு 55 கிலோ. கோஸும் கீரையும் வெந்தால் பாதியாகச் சுருங்கும், அவற்றுக்குக் காலே அரைக்கால் (எட்டில் மூன்று) பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சாம்பாருக்கும் ரசத்துக்குமாகப் புளி 8 கிலோ, தக்காளி 20 கிலோ. பொரியல், கூட்டுக்குத் தேங்காய் 40. வடைக்கு உளுந்து 25 கிலோ, கிலோவுக்கு நாற்பது வடை வரும். நெய் 5 லிட்டர், மோருக்குத் தயிர் 40 லிட்டர், அப்பளம் 1,100, உப்பு 12 கிலோ. தாளிக்கவும் வதக்கவும் எண்ணெய் 15 லிட்டர், வடையும் அப்பளமும் பொரிக்க அதே அளவு தனியாக.

இலை 1,150 சொல்லுங்கள். கட்டு அவிழ்க்கும்போதே நூறு இலையாவது கிழிந்திருக்கும். இலைக்கட்டை நிழலில் நிமிர்த்தி வைத்து ஈரச் சாக்கால் மூடுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் நடுவில் வெந்து பழுத்துவிடும்.

எந்த உணவு? கல்யாண மண்டபச் சாப்பாட்டையே போடலாமா?

போடலாம், ஆனால் அதற்கு ஊர்விழா தேவையில்லை. பன்னீரும் கோபி மஞ்சூரியனும் எங்கும் கிடைக்கும். உங்கள் வட்டாரத்தில் பாட்டிமார் கையில் இன்னும் உயிரோடு இருக்கும் இரண்டு மூன்று பண்டங்களைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் நாலு பேருக்குச் செய்வது எல்லாம் ஆயிரம் பேருக்கு அப்படியே பெருகாது. அதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருநெல்வேலிச் சொதிக்கு நாலு பேருக்கு ஒரு தேங்காய், ஆயிரம் பேருக்கு 250 தேங்காய். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், இரண்டாம் பாலில் பாசிப்பருப்புச் சேர வேண்டும், முதல் பால் இறக்கிய பிறகுதான். தேங்காய்ப்பால் வெயிலில் மூன்று மணி நேரம் தாங்காது. எனவே இரண்டு பந்திக்கு ஒரு முறை புதிதாகப் பால் பிழிந்து சொதி வையுங்கள். கூடவே இஞ்சித் துவையல் இருந்தால்தான் சொதி செரிக்கும்.

நாஞ்சில் நாட்டு அவியல் கூட்டத்துக்கு ஏற்ற பண்டம். காய்களை வேகும் நேரப்படி வரிசையாகப் போட வேண்டும்: முதலில் சேனையும் முருங்கையும், பிறகு வாழைக்காயும் புடலையும், கடைசியில் வெள்ளரிக்காய். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சேனை நறநறக்கும், வெள்ளரி குழையும். தயிர் சேர்ப்பது அடுப்பை அணைத்த பிறகு.

கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதம் ஒரே அண்டாவில் ஆகிவிடும். வேலை குறைவு, நெய் மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரக் கேழ்வரகுக் களியோ ஆயிரம் பேருக்கு ஒரே பாத்திரத்தில் முடியவே முடியாது. ஐந்து கிலோ மாவுக்கு மேல் போட்டால் துடுப்பு அசையாது, கட்டி விழும், உள்ளே மாவு பச்சையாக நிற்கும். களி வேண்டுமென்றால் ஆளுக்கு ஓர் எலுமிச்சை அளவு உருண்டையாக, நாலு அடுப்பில் நாலு பேர் தொடர்ந்து கிண்டட்டும்.

கரிசல் பக்கத்துக் கம்பங்கூழைக் காத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள், பந்தியில் வேண்டாம். முதல்நாள் காய்ச்சிப் புளிக்கவைத்த கூழில் மோர் கலப்பது குவளையில் ஊற்றும் நேரத்தில்தான். காலையிலேயே கலந்து வைத்தால் பதினொரு மணிக்கு வாயில் வைக்க முடியாத புளிப்பு.

பாரம்பரிய அரிசியில் பந்திச் சோற்றுக்குத் தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் பொருத்தம். மாப்பிள்ளைச் சம்பாவை இரவு முழுக்க ஊறவைக்காமல் உலையில் போடாதீர்கள். ஊறினாலும் ஒரு மணி நேரத்துக்கு நெருங்கி வேகும். பொன்னியோடு ஒரே அண்டாவில் கலந்தால் ஒன்று குழைந்திருக்க மற்றொன்று விறைத்திருக்கும்.

விறகா, கேஸா?

உலைக்கும் சாம்பாருக்கும் விறகு, தாளிப்புக்கும் பொரிப்பதற்கும் கேஸ். மண்ணில் நீளக் குழி வெட்டி, மேலே அண்டாக்கள் வரிசையாக உட்காரும் கோட்டை அடுப்பில் ஒரு வாய்த் தீ நாலு பாத்திரத்துக்குப் போகும். குழியின் வாய் காற்று வரும் திசையைப் பார்க்க வேண்டும். காய்ந்த சவுக்கோ கருவேலமோ அரை டன் போதும். ஈர விறகு புகைதான் கொடுக்கும், அந்தப் புகைவாசம் சோற்றில் ஏறும்.

கேஸுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டுச் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். பெரிய பர்னர் ஓடும்போது சிலிண்டரின் வெளியே பனி பூத்துத் தீ தளர்ந்தால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே திரவம் வேகமாக ஆவியாகிக் குளிர்ந்து, அழுத்தம் குறைந்திருக்கிறது. சிலர் சிலிண்டரைச் சூடு செய்யப் பார்ப்பார்கள், ஒருபோதும் கூடாது. இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்து ஓட்டுங்கள். கீற்றுப் பந்தலிலிருந்து அடுப்பு 30 அடியாவது தள்ளி இருக்கட்டும். பக்கத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும் வேண்டும்.

சோறு எப்போது வடிக்க வேண்டும்?

முழுவதையும் ஒரே நேரத்தில் வடிப்பதுதான் ஊர்விருந்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. காலை பத்து மணிக்கு 125 கிலோ அரிசியையும் வடித்துக் குவித்தால், குவியலின் வெளிப்புறம் ஆறி விறைக்கும், நடுப்பகுதி தன் சூட்டிலேயே வெந்து கட்டியாகும். இரண்டு மணிக்கு உட்காரும் நாலாம் பந்திக்கு அந்தக் கட்டிதான் விழும். ஆபத்தும் இருக்கிறது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் சில பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சு விடும். வாந்தி வரும். மறுபடி சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது.

ஆகவே பந்திக்கு ஒரு சிப்பம். 200 லிட்டர் அண்டாவில் 140 லிட்டர் தண்ணீர் வைத்து உலை காய முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். முதல் பந்தி 11:30 என்றால் ஒன்பதரைக்குள் முதல் இரண்டு உலையும் அடுப்பில் இருக்க வேண்டும். பருக்கையை நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும் பதத்தில் வடித்துவிடுங்கள். மீதி வேக்காட்டை அதன் சூடே பார்த்துக்கொள்ளும். பாயின் மேல் வெள்ளைத் துணி விரித்து அரை அடி உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, துணியால் மூடுங்கள். வடித்த இருபதாவது நிமிடம் இலைக்குப் போக வேண்டும். ஐந்தாவது சிப்பம் எல்லாப் பந்திக்கும் இரண்டாம் சோற்றுக்கு.

சாம்பார் சில நேரம் மதியத்துக்குள் நுரைத்துவிடுகிறதே?

அடுப்பிலிருந்து இறக்கி, இறுக்கமாக மூடி, ஓரமாக வைத்திருப்பார்கள். 150 லிட்டர் குழம்பு மெதுவாகத்தான் ஆறும். கிருமிக்கு இதமான சூட்டிலேயே பல மணி நேரம் இருக்கும். மூடியில் வேர்த்த நீர் மேலே சொட்டும். தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் ஊசிப்போகும். வழி எளிது: இறக்கவே இறக்காதீர்கள். தணலில் வைத்து, கைவைத்தால் சுடும் பதத்தில், 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் கடைசிப் பந்தி வரை வைத்திருங்கள். தாளிப்பையும் கொத்தமல்லியையும் இரண்டாகப் பிரித்து, இரண்டாம் பாதியை மூன்றாம் பந்திக்கு முன் போடுங்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கும் மணம் வரும்.

பருப்பு வேகவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். உப்புக்கடுத்த ஆழ்துளைக் கிணற்று நீரில் துவரம்பருப்பு கரையாது. புளியை முன்கூட்டி ஊற்றினாலும் பருப்பும் காயும் வேகாமல் நின்றுவிடும். பித்தளை அண்டா வாடகைக்கு வந்தால் உள்ளே பாருங்கள். வெள்ளீயப் பூச்சு தேய்ந்திருந்தால் புளி பட்டுக் களிம்பு இறங்கும். அதில் சாம்பாரோ ரசமோ கூடாது, வெறும் தண்ணீர் காய்ச்சலாம்.

பாயசம் திரிகிறது, ஏன்?

வெல்லப்பாகு கொதிக்கும்போது தேங்காய்ப்பாலையோ மாட்டுப்பாலையோ ஊற்றியதால். 10 கிலோ பாசிப்பருப்பு, 20 கிலோ வெல்லம், 80 தேங்காய்க்கு நூறு லிட்டர் பாயசம் வரும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுங்கள், மண் நிச்சயம் இருக்கும். பருப்போடு கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, பத்து நிமிடம் கழித்து கெட்டிப்பாலைச் சேருங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

7,000 லிட்டர். குடிக்க 1,500, சமைக்க 1,500, மீதி கை கழுவவும் பாத்திரம் கழுவவும். லாரித் தண்ணீர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். கை கழுவும் குழாய்கள் பந்தியின் இரு முனையிலும் இருக்கட்டும், சோப்பும் சேர்த்து.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர்ப் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தடை. எவர்சில்வர் டம்ளர் 600 வாடகைக்கு எடுத்து, மூன்று தொட்டி வைத்துக் கழுவுங்கள்: அலச ஒன்று, சோப்பு நீருக்கு ஒன்று, சுடுதண்ணீருக்கு ஒன்று.

பரிமாற எத்தனை பேர்?

250 இலைக்கு 30 பேர். சோற்றுக்கு ஐந்து, சாம்பாருக்கு ஐந்து, தண்ணீருக்கு ஐந்து. பொரியல், கூட்டு போட்டுக்கொண்டே வர நாலு. ரசம், பாயசம், மோருக்கு மூன்று மூன்று, பருப்பும் நெய்யும் இரண்டு. இலை எடுக்க எட்டுப் பேர் தனி. பரிமாறியவர் இலை எடுக்கக் கூடாது, இலை எடுத்தவர் வாளி தொடக் கூடாது.

இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம். மண்டபத்தில் ஆட்கள் உட்காரும் முன்பே கறிவகைகளை வைத்துவிடுவது வழக்கம். திறந்தவெளியில் வேண்டாம், தூசியும் ஈயும் முந்திக்கொள்ளும். எல்லோரும் உட்கார்ந்து இலையைத் தெளித்த பிறகு உப்பு, ஊறுகாய், இனிப்பு, பொரியல், கூட்டு, வடை, அப்பளம் என்று வாருங்கள். ஆறு நிமிடம் கூடும், கூடட்டும். சாப்பிட 35 நிமிடம், சுத்தம் செய்ய 15 நிமிடம். நாலு பந்தி முடிய மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

யார் முதலில் உட்காருவது?

வந்த வரிசைப்படி டோக்கன். முதல் பந்தியில் கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள். கீழே உட்கார முடியாதவர்களுக்கு ஒவ்வொரு பந்தியிலும் ஓரமாக 20 மேசை இடம். ஏற்பாட்டாளர்களும் நன்கொடை கொடுத்தவர்களும் கடைசிப் பந்தியில் உட்காரட்டும். அப்படி ஒரு விதி இருந்தால் கடைசிப் பந்தியின் சோறு தானாகவே நன்றாக இருக்கும்.

தெருவுக்கு ஒரு பந்தி, சாதிக்கு ஒரு வரிசை என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது, தனிப்பந்தி சட்டப்படி குற்றம். வள்ளலார் 1867இல் வடலூரில் தரும சாலை தொடங்கியதே பசித்தவர் எவராயினும் வந்து உண்ணத்தான். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததற்குத் தமிழ்நாடே கொந்தளித்தது. சமையலிலும் பரிமாறுவதிலும் எல்லாத் தெருவின் ஆட்களும் இருக்க வேண்டும். உட்காருவதில் சமம், அகப்பை பிடிப்பதில் இல்லை என்றால் அது சமபந்தி ஆகாது. வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்தாலும் வரி கட்டாத வீட்டுக்கும் இலை உண்டு என்று அழைப்பிலேயே எழுதுங்கள்.

எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்துவிட்டால்?

அதற்குத்தான் ஆறாவது சிப்பம். மூன்றாம் பந்தி உட்காரும்போதே டோக்கனை எண்ணுங்கள். ஓர் உலை எப்போதும் கொதித்தபடி இருந்தால் அரிசி போட்ட அரை மணிக்குள் சோறு தயார். சாம்பாருக்கு உப்பும் புளியும் சேர்க்காத வெந்த பருப்பு பத்து லிட்டர் தனியாக எடுத்து வைத்திருங்கள். உப்பு கூடிவிட்டாலும் அதுவே கைகொடுக்கும். தண்ணீர் ஊற்றி நீட்டாதீர்கள். காய் தீர்ந்தால் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் போடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அடிப்பிடித்தால் கரண்டியால் சுரண்டக் கூடாது. மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

கறி விருந்தும் சேர்த்து வைக்கலாமா?

வைப்பதானால் அடுப்பு, பாத்திரம், ஆட்கள் எல்லாம் தனி. ஆட்டுக்கறி கிலோவுக்கு ஏழு பேர். உயிர் எடையில் பாதிக்குக் குறைவாகத்தான் கறி தேறும், அதை வைத்து ஆட்டை எண்ணுங்கள். ஐஸ் பெட்டி இல்லாமல் முதல்நாளே வெட்டி வைக்கக் கூடாது.

மீந்ததையும் இலையையும் என்ன செய்வது?

தொடாத சோற்றையும் குழம்பையும் வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் பக்கத்தில் உள்ள முதியோர், ஆதரவற்றோர் இல்லங்களுக்குச் சூடாக அனுப்புங்கள். யாரை அழைப்பது என்று முதல்நாளே பேசி வையுங்கள். தயிர்ச்சாதமும் தேங்காய் சேர்ந்த கூட்டும் அனுப்ப வேண்டாம்.

மீந்த சோற்றை மாட்டுக்கு அண்டாவோடு கவிழ்ப்பதை நல்ல காரியமாக நினைக்கிறார்கள். நிறையச் சோறு தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறி, உப்பி, ஒரே இரவில் செத்துப்போகக் கூடும். எச்சில் இலையை மாடு தின்னலாம், அதுவும் பிளாஸ்டிக் கலக்காமல் இருந்தால். மீதியைக் குழி வெட்டி இலை, சாணம், மண் என்று அடுக்கி மூடினால் மூன்று நாலு மாதத்தில் எரு.

வேறு எதை எடுத்து வைக்க வேண்டும்?

ஒவ்வொரு பண்டத்திலும் 200 கிராம், சுத்தமான மூடிய டப்பாவில், நேரம் எழுதி, குளிர்பெட்டியில் இரண்டு நாள். யாருக்காவது வயிறு கெட்டால் எதனால் என்று கண்டுபிடிக்க மருத்துவருக்கும் அதிகாரிக்கும் அது வேண்டும். முதல் பந்தியிலும் கடைசிப் பந்தியிலும் தனித்தனியாக எடுங்கள்.